கழுவிக் கொல்லும் கலை

கல்வியாண்டு முடியும்போது வகுப்பறைகள் இடம் மாறும். அவற்றோடு அறிவியல் மூலையில் இருக்கும் மீன் தொட்டியும் இடம் மாறும். உடனே ஓர் ஆணை பிறக்கும்: "எப்படியும் தொட்டியைத் தூக்கப் போகிறோம், அப்படியே பழைய கல்லைக் கொட்டிவிட்டுப் புதுக்கல் போடுங்கள். எல்லாவற்றையும் நன்றாகக் கழுவுங்கள்!"

கல்லை மாற்றுவதற்கு நான் எதிரியல்லன். தொட்டியை எப்படியும் காலி செய்தாக வேண்டிய நாளே அதற்கு ஏற்ற நாள். 'எல்லாவற்றையும்' என்னும் அந்த ஒரு சொல்லைத்தான் எதிர்க்கிறேன்.

மீனின் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் அம்மோனியா உண்டாகிறது. அது மீனுக்கு நஞ்சு. ஒருவகை நுண்ணுயிர்கள் அதனை நைட்ரைட்டாக மாற்றுகின்றன, அதுவும் நஞ்சுதான். வேறொரு வகை அதனை நைட்ரேட்டாக மாற்றிய பிறகே மீன் ஓரளவு நிம்மதியாக மூச்சுவிடும். இந்த நுண்ணுயிர்கள் நீரில் மிதப்பது குறைவு. வடிகட்டியின் பஞ்சிலும் கற்களின் மேலுமே குடியிருக்கின்றன. பஞ்சையும் கல்லையும் ஒரே நாளில் குழாயடியில் தேய்த்துக் கழுவினால் என்னவாகும்? தொட்டி பளபளக்கும். நான்கைந்து நாளில் மீன்கள் மேலே வந்து வாய் பிளக்கும். புதிய குடியிருப்பு உருவாக நான்கு முதல் ஆறு வாரங்கள் பிடிக்கும். அதுவரை மீன் காத்திருக்குமா?

நான் அறிந்த ஒரு பள்ளியில் இப்படித்தான் நடந்தது. பழியோ, சொன்னதைச் செய்த தோட்டக்காரர் தலையில் விழுந்தது! மாணவர்களுக்குச் சொல்லப்பட்ட விளக்கம், "அதற்கு ஆயுள் அவ்வளவுதான்." நன்மை தரும் நுண்ணுயிர்கள் என்று கரும்பலகையில் எழுதிய கைகள் அன்றோ அந்தப் பஞ்சைப் பிழியச் சொன்னவை? பிள்ளைகள் எதை நம்புவார்கள், பாடத்தையா, தொட்டியையா?

செய்ய வேண்டியது கடினமன்று. முதல் நாளே தீனியை நிறுத்திவிடுங்கள். தொட்டி நீரில் பாதிக்கு மேல் வாளிகளில் சேமியுங்கள். மீன்களை மூடியுள்ள வாளியில், அதே நீரில், காற்றுக்குழலோடு வையுங்கள். பஞ்சை அதே நீரில் நனைத்தே வைத்திருங்கள். காயவிடவும் கூடாது, குழாய்நீரில் காட்டவும் கூடாது. புதுக்கல்லை மட்டும் எவ்வளவு வேண்டுமானாலும் கழுவலாம். பழைய கல்லில் ஒரு பிடியை வலைப்பையில் கட்டிச் சில வாரங்கள் தொட்டிக்குள் போட்டு வைப்பது நன்று.

பழைய பள்ளித் தொட்டிகள் சிலவற்றில் கல்லுக்கு அடியிலேயே வடிகட்டித் தட்டு இருக்கும். அங்கே கல்தான் வடிகட்டி. பாதியை இப்போதும் மீதியை ஒரு மாதம் கழித்தும் மாற்றுங்கள். கல் வாங்கித் தரும் பெற்றோர்க்கும் ஒரு சொல்: அழகாய் இருக்கிறதென்று பவழக்கல் வாங்காதீர்கள். அது நீரின் காரத்தன்மையை ஏற்றும். காரம் ஏறினால் அம்மோனியாவின் நஞ்சும் ஏறும்.

நீரோடு தொட்டியைத் தூக்கும் வீரர்களும் உளர்! மூன்றடி நீளமும் ஒன்றரை அடி அகல உயரமும் உள்ள தொட்டி நிறைந்தால் நீர் மட்டுமே ஏறத்தாழ 180 கிலோ. ஒட்டு விட்டுப்போகும், கண்ணாடி உடையும், அருகில் நிற்பவை பிள்ளைகளின் கால்கள்.

புதிதாய் ஊற்றும் நீருக்குக் குளோரின் நீக்கி கட்டாயம். ஒரு நாள் திறந்து வைத்தால் போதும் என்பது குளோரினுக்குப் பெரும்பாலும் பொருந்தும். சிங்கப்பூர்க் குழாய்நீரில் இருப்பதோ குளோரமின். அது அப்படி எளிதில் போகாது. மருந்து ஒரு புட்டி சில வெள்ளிதான். பெற்றோர் ஆசிரியர் சங்கம் தோரணத்துக்குச் செலவழிப்பதில் நூற்றில் ஒரு பங்குகூட ஆகாது.