கர்ப்பிணி இருக்கும் வீட்டில் பூனை இருக்கலாமா?

கருவுற்ற செய்தி உறுதியானவுடன் பல வீடுகளில் முதலில் வெளியேற்றப்படுவது வளர்ப்புப் பூனைதான். சாக்கில் போட்டு மீன் சந்தைப் பக்கம் விட்டுவிட்டு வந்தோம் என்று நிம்மதியுடன் கூறும் மாமியார்களையும், அருகில் ஒன்றும் பேசாமல் அமர்ந்திருக்கும் மருமகள்களையும் மகப்பேறு மருத்துவர்களாகிய நாங்கள் புறநோயாளிப் பிரிவில் பார்த்து வருகிறோம். பூனை முடி வயிற்றுக்குள் போனால் கரு தங்காது என்பார் ஒருவர். மூச்சுக்காற்று பட்டாலே குழந்தைக்கு ஆகாது என்பார் இன்னொருவர். இவற்றுள் எதற்கும் மருத்துவ ஆதாரம் கிடையாது.

எங்கள் கருத்தை முதலிலேயே கூறிவிடுகிறோம். பூனை வீட்டிலேயே இருக்கட்டும். அதன் கழிவை அள்ளும் வேலை மட்டும் கர்ப்பிணியின் கையிலிருந்து வேறொருவர் கைக்கு மாறட்டும்.

அச்சத்தின் அடியில் உண்மை ஒன்றும் இல்லாமல் இல்லை. டாக்சோபிளாஸ்மா என்னும் கண்ணுக்குத் தெரியாத ஒட்டுண்ணியை 1908-ஆம் ஆண்டு துனிஸ் நகர ஆய்வுக்கூடத்தில் எலி இனத்தைச் சேர்ந்த ஒரு பிராணியின் உடலில் கண்டறிந்தார்கள். அது முட்டை போன்ற விதைகளை உண்டாக்குவது பூனைக் குடும்பத்து விலங்குகளின் குடலில்தான் என்பது ஏறத்தாழ அறுபது ஆண்டுகளுக்குப் பிறகே தெளிவாயிற்று. கர்ப்ப காலத்தில் ஒரு பெண்ணுக்கு இத்தொற்று முதன்முறையாக ஏற்பட்டால், நஞ்சுக்கொடி வழியாக அது குழந்தையை அடையக்கூடும். முதல் மூன்று மாதங்களில் குழந்தைக்குப் பரவும் வாய்ப்பு குறைவு, நூற்றுக்குப் பத்து பதினைந்து என்ற அளவில். ஆனால் பரவினால் மூளையையும் விழித்திரையையும் கடுமையாகத் தாக்கும். கடைசி மாதங்களில் பரவும் வாய்ப்பு பாதிக்கும் மேல். அப்போது பிறக்கும் குழந்தை பெரும்பாலும் நலமாகவே தோன்றும், கண் பாதிப்பு சில ஆண்டுகள் கழித்து வெளிப்படலாம். எனவே இதை அற்பமாகத் தள்ளிவிட நாங்கள் கூறவில்லை.

ஆனால் பூனையின் பங்கு எவ்வளவு என்று பாருங்கள். ஒரு பூனை எலியையோ பறவையையோ பச்சை இறைச்சியையோ தின்று முதன்முறையாகத் தொற்றுக்கு ஆளாகும்போது, ஒன்று முதல் மூன்று வாரங்கள் வரை அந்த விதைகளைக் கழிவில் வெளியேற்றுகிறது. அதன்பின் பெரும்பாலான பூனைகள் வாழ்நாள் முழுவதும் வெளியேற்றுவதில்லை. வேட்டையாடத் தொடங்கும் குட்டிப் பருவத்திலேயே இது பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. ஆறேழு ஆண்டுகளாக உங்கள் மடியில் உறங்கும் பூனையிடமிருந்து இப்போது தொற்று வருவது அரிது. வெளியே வந்த விதையும் உடனே தொற்றாது. அது முதிர்வதற்குக் குறைந்தது ஒரு நாள், சில வேளை ஐந்து நாள் வரை ஆகும். அந்த ஒரு நாளுக்குள் கழிவு அகற்றப்பட்டால் ஆபத்தும் அதனுடன் போய்விடுகிறது. தடவிக் கொடுப்பதாலும், அருகில் உறங்குவதாலும் இந்நோய் வருவதாக நாம் அஞ்ச வேண்டியதில்லை. (ஆஸ்துமாவோ ஒவ்வாமையோ உள்ள பெண்களுக்குப் பூனையால் மூச்சிரைப்பு வரலாம், அது தனிச் செய்தி, கருவைப் பற்றியதன்று.)

முதிர்ந்த விதைகள் ஈர மண்ணில் ஓராண்டுக்கு மேலும் உயிரோடு கிடக்கும். நம் ஊர்ப் பூனைகளில் பல பாதி வீட்டுப் பூனை, பாதி தெருப் பூனை. அவை கழிவைப் புதைப்பது கீரைப் பாத்தியிலும், பக்கத்து மனையில் வீடு கட்டக் கொட்டிவைத்த மணல் குவியலிலும். பூனையே வளர்க்காத வீட்டுப் பெண்ணும் அந்த மண்ணைத் தொடுகிறாள். தோட்ட வேலையின்போது கையுறை அணிவதும், கீரையைப் பல தண்ணீரில் அலசுவதும் பூனை இல்லாத வீட்டுக்கும் பொருந்தும். மசக்கையில் மண், செங்கல் தூள் தின்னும் ஆசை சிலருக்கு வருவதுண்டு. வெட்கப்பட்டு எங்களிடம் மறைக்கிறார்கள். மறைக்காமல் சொல்லுங்கள். இரத்தச்சோகையின் அடையாளமாகவும் அது இருக்கலாம். மண்ணோடு இந்த ஒட்டுண்ணியும் பிற புழுக்களும் வயிற்றுக்குள் போகும் வழியும் அதுவே.

எல்லாவற்றையும்விடப் பெரிய வழி சமையலறையில் இருக்கிறது. ஐரோப்பாவின் பல நகரங்களில் கர்ப்பிணிகளிடம் நடத்தப்பட்டு 2000-ஆம் ஆண்டு வெளியான ஆய்வு ஒன்றில், தொற்றுகளில் 30 முதல் 63 விழுக்காடு வரை சரியாக வேகாத அல்லது பதப்படுத்திய இறைச்சியால் வந்தவை எனக் கணிக்கப்பட்டது. மண்ணால் வந்தவை 6 முதல் 17 விழுக்காடு. பூனையோடு பழகுவது தனியொரு காரணமாக அந்த ஆய்வில் தென்படவேயில்லை. அவர்கள் இறைச்சியை அரைவேக்காட்டில் உண்பவர்கள், நாம் குழம்பில் கொதிக்க வைப்பவர்கள் என்று நீங்கள் கூறலாம். உண்மைதான், நன்கு கொதித்த ஆட்டுக்கறிக் குழம்பில் இந்த ஒட்டுண்ணி பிழைக்காது. ஆனால் குழம்பு கொதிக்குமுன் அந்தக் கறியைக் கழுவியதும் நறுக்கியதும் யார் கை? அதே அரிவாள்மனையில், அதே பலகையில் அடுத்து வெள்ளரிக்காய் நறுக்கப்படுகிறது. கோலா உருண்டைக்குப் பிசைந்த கொத்துக்கறியில் உப்புக் காரம் சரியா என்று நாக்கில் வைத்துப் பார்க்கும் பழக்கம் இன்னும் பல வீடுகளில் உண்டு. சளிக்கு நல்லது என்று காய்ச்சாத ஆட்டுப்பால் கொடுக்கிறார்கள். பூனையை விரட்டிய அதே வீட்டில் இவை எவரையும் உறுத்துவதில்லை என்பதே எங்கள் வருத்தம்.

குடிநீரையும் மறந்துவிடக் கூடாது. 2004 செப்டம்பர் முதல் ஓராண்டுக்குள் கோயம்புத்தூரில் இருநூறுக்கும் மேற்பட்டோர் இந்த ஒட்டுண்ணியால் விழித்திரை பாதிக்கப்பட்டு மருத்துவமனைக்கு வந்தார்கள். ஆராய்ந்த கண் மருத்துவர்கள் ஐயுற்றது நகரின் குடிநீரை. கர்ப்பிணிக்குக் காய்ச்சி ஆறிய நீர் என்று நம் பாட்டிமார் வகுத்த வழக்கத்தைக் கைவிட எந்தக் காரணமும் இல்லை.

இனி, எங்களை அதிகம் கவலைகொள்ளச் செய்யும் செய்திக்கு வருகிறோம். ஒருமுறை கரு கலைந்தவுடன், அல்லது வீட்டில் பூனை இருக்கிறது என்பதற்காகவே, பலர் தாமாகவே ஆய்வகத்துக்குச் சென்று ‘டார்ச்’ என்னும் இரத்தப் பரிசோதனையைச் செய்துகொள்கிறார்கள். அதில் ஐஜிஎம் என்ற வரிக்கு நேரே ‘பாசிட்டிவ்’ என்று இருந்தால் குடும்பமே இடிந்துபோகிறது. கருவைக் கலைத்துவிடலாமா என்ற கேள்வியோடு அன்றே எங்களிடம் வருகிறார்கள். அந்த ஒரு சொல்லை வைத்து எதையும் முடிவு செய்ய இயலாது. ஐஜிஎம் என்பது தொற்று வந்து பல மாதங்கள், சிலருக்கு ஆண்டுகள் கடந்தும் இரத்தத்தில் தங்கியிருக்கும். தொற்றே இல்லாதவருக்கும் சில வேளை தவறாகக் காட்டும். ஐஜிஜி அளவையும், ‘அவிடிட்டி’ என்னும் பரிசோதனையையும் சேர்த்துப் பார்த்து, தேவையானால் இரண்டு மூன்று வாரம் கழித்து மறுபடி இரத்தம் எடுத்த பின்னரே தொற்று எப்போது வந்தது எனக் கணிக்க முடியும். முதல் மூன்று மாதங்களுக்குள் பார்த்த அவிடிட்டி உயர்வாக இருந்தால், தொற்று கருவுறுவதற்கு முன்பே வந்து முடிந்தது என்று பொருள். அந்தப் பெண்ணின் உடலில் எதிர்ப்பாற்றல் ஏற்கெனவே இருக்கிறது. குழந்தைக்குப் பெரும்பாலும் அதுவே காவல். எச்.ஐ.வி. உள்ளவர்களும், உறுப்பு மாற்று போன்ற காரணங்களுக்காக எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்து உட்கொள்பவர்களும் இதற்கு விலக்கு. அவர்கள் முதல் வருகையிலேயே எங்களிடம் கூற வேண்டும்.

அடுத்தடுத்துக் கரு கலைவதற்கு இத்தொற்றைக் காரணம் காட்டுவதையும் நாங்கள் ஏற்கவில்லை. ஒருமுறை வந்தால் எதிர்ப்பாற்றல் தரும் நோய், மும்முறை கருவைக் கலைக்காது. உண்மையான புதுத் தொற்று என உறுதியானாலும் மருந்து இருக்கிறது. முற்பாதியில் ஸ்பைராமைசின், குழந்தையை எட்டியிருந்தால் வேறு மருந்துகள். ஸ்கேனும், தேவைப்பட்டால் பனிக்குட நீர்ப் பரிசோதனையும் குழந்தையின் நிலையைச் சொல்லும். பிரான்சு நாட்டில் 1992 முதல், எதிர்ப்பாற்றல் இல்லாத கர்ப்பிணிகளுக்கு மாதந்தோறும் இப்பரிசோதனை செய்கிறார்கள். அங்கே தொடர்ந்து பார்த்து ஒப்பிடும் ஏற்பாடு இருக்கிறது. இங்கே ஒற்றைத் தாளை வைத்துக்கொண்டு ஒரு கருவின் முடிவை எழுதுவது முறையன்று.

பூனை உள்ள வீட்டார் செய்ய வேண்டியது கடினமானதன்று. மணல் தட்டைக் கணவரோ, வீட்டில் உள்ள வேறொருவரோ நாள்தோறும் ஒரே நேரத்தில் துப்புரவு செய்ய வேண்டும். ‘நாளை பார்த்துக்கொள்ளலாம்’ என்ற சொல்லுக்குத்தான் இங்கே இடமில்லை. தட்டைக் கொதிக்கும் வெந்நீரால் கழுவுங்கள்; பினாயில் ஊற்றினால் மணக்குமேயொழிய அந்த விதைகள் சாகா. வேறு ஆளே இல்லாத வீடாக இருந்தால், கர்ப்பிணி கையுறை அணிந்து நாள் தவறாமல் செய்துவிட்டுச் சோப்பால் கை கழுவினால் போதும். பூனைக்குப் பச்சை ஈரலும் கோழிக் குடலும் போடாதீர்கள், வேகவைத்துக் கொடுங்கள். புதிதாகக் குட்டி எதையும் இந்தப் பத்து மாதங்களில் வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம். பூனைக்கு இரத்தப் பரிசோதனை செய்யலாமா என்று கேட்கிறார்கள்; பணம்தான் வீண். முன்பே தொற்று வந்துபோன பூனையால் உங்களுக்கு ஆபத்து மிகக் குறைவு.

இந்த அச்சங்களுக்கு நடுவே உண்மையான ஆபத்தொன்று கண்ணில் படாமல் போகிறது. நம் நாட்டில் பூனையால் வரும் ரேபிஸ் அரிதேயானாலும், வந்தால் பிழைப்பதில்லை. பூனை கடித்தாலோ, இரத்தம் கசியப் பிறாண்டினாலோ, ‘வளர்ப்புப் பூனைதானே’ என்றோ ‘வயிற்றில் பிள்ளை இருக்கும்போது ஊசி கூடாது’ என்றோ தள்ளிப்போடும் குடும்பங்கள் இருக்கின்றன. காயத்தை ஓடும் நீரில் சோப்பிட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றே வாருங்கள். ரேபிஸ் தடுப்பூசியில் இருப்பது உயிரற்ற கிருமி. கருவுக்குத் தீங்கு செய்யாது, எந்த மாதத்திலும் போடலாம். காயத்தின் ஆழத்தைப் பார்த்து அதனுடன் இம்யூனோகுளோபுலின் மருந்தும் தேவைப்படலாம். அரசு மருத்துவமனைகளில் தடுப்பூசி இலவசம். பூனைக்கும் ஆண்டுதோறும் ரேபிஸ் தடுப்பூசி போட்டுவிடுங்கள். அதற்குரிய அட்டையைக் கர்ப்ப காலப் பதிவேட்டுடன் வைத்துக்கொண்டால், கடிபட்ட நாளில் எங்கள் பணி எளிதாகும்.