பொட்டப் பிள்ளைக்கு எதுக்கு காரு?

போன தை மாசம் நாங்கள் கார் எடுத்தோம். மதுரை ஷோரூமில் சாவி வாங்கப் போன அன்று, சீட் கவரும் மிதியடியும் அடுக்கியிருந்த கண்ணாடி அலமாரியில், நாங்கள் எடுத்த அதே வண்டி உள்ளங்கை அளவில் உட்கார்ந்திருந்தது. அதே நிறம். கதவு திறக்கிறது, டிக்கி திறக்கிறது. தகரப் பொம்மை போல் இல்லாமல் நல்ல கனம். எட்டு வயதுப் பெண் கையில் எடுத்தவள் கீழே வைக்கவே இல்லை.

கூட வந்திருந்த மாமனார், "ஏத்தா, பொட்டப் பிள்ளைக்கு எதுக்கு காரு? தம்பிக்கு வாங்கு" என்றார். தம்பிக்கு இரண்டு வயது. கண்ணாடியைப் பிய்த்து வாயில் போட்டுக்கொள்வான். ஷோரூம் பையனும் விடவில்லை. "பாப்பாவுக்கு கரடி பொம்மை தர்றோம் மேடம்" என்றான். எனக்குச் சுருக்கென்றது. வீட்டுக்காரர் விலையைப் பார்த்து முகம் சுளித்தும், என் சிறுவாட்டுக் காசில் வாங்கிக் கொடுத்துவிட்டேன்.

அன்று பிடித்த பைத்தியம், இப்போது பதினொரு கார்கள் சேர்ந்துவிட்டன. காலியான தீபாவளி கிப்ட் பாக்ஸில் வரிசையாக அடுக்கி வைத்திருக்கிறாள். நானும் அவள் புண்ணியத்தில் சிலது தெரிந்துகொண்டேன். உருக்கிய துத்தநாகக் கலவையை எஃகு அச்சுக்குள் அழுத்திச் செலுத்தி வார்ப்பதால்தான் அந்தக் கனம். அட்டையில் 1:43 என்று போட்டிருந்தால் நிஜ வண்டியில் 43-ல் ஒரு பங்கு என்று அர்த்தமாம். நாலு மீட்டர் வண்டி, ஒன்பது சென்டிமீட்டர் சொச்சம். வகுத்தல் கணக்கென்றால் வயிற்றுவலி வரும் பிள்ளை இதைத் தானே போட்டுக் காட்டினாள்!

இதையெல்லாம் விட என்னை அசத்திய சேதி ஒன்று உண்டு. உலகம் முழுக்கச் சேகரிப்பாளர்கள் தேடும் 'மேட்ச்பாக்ஸ்' கார்கள் இருக்கின்றனவே, அவை பிறந்ததே ஒரு பெண் குழந்தைக்காகத்தான். இங்கிலாந்தில் லெஸ்னி என்ற கம்பெனியில் இருந்த ஜாக் ஓடெல் என்பவரின் மகள் படித்த பள்ளியில், தீப்பெட்டிக்குள் அடங்கும் பொம்மையை மட்டுமே கொண்டுவர அனுமதி. அதற்காக 1952-ல் பித்தளையில் குட்டி ரோடு ரோலர் ஒன்று செய்து கொடுத்தார். கூடப் படித்த பிள்ளைகள் எல்லாம் எனக்கும் வேண்டும் என்று கேட்க, 1953-ல் தீப்பெட்டி மாதிரி அட்டைப் பெட்டியில் போட்டே விற்பனைக்கு வந்தன. 1922-ல் கல்கத்தா போய்த் தொழில் கற்று வந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழிலை வளர்த்த சிவகாசிப் பக்கத்தில் இருந்துகொண்டு, இந்தக் கதை தெரியாமல் இத்தனை நாள் இருந்திருக்கிறேனே! மாமனாரிடம் சொன்னேன். "ரோடு ரோலரா?" என்று மட்டும் கேட்டார்.

பெட்டியைப் பிரிக்காமல் வைத்தால் பின்னால் விலை ஏறும் என்று ஒரு உறவினர் உபதேசம் செய்தார். எனக்கு அதில் உடன்பாடில்லை. உருட்டாத கார் என்ன கார்? கலவையில் ஈயம் கலந்துவிட்ட பழைய மாடல்கள், பெட்டியில் பத்திரமாக இருந்தாலும் வெடிப்பு விட்டு உதிர்ந்து போகுமாம். பார்த்துப் பார்த்து வைத்து என்ன பிரயோசனம்?

கார் எடுக்கப் போகும் சகோதரிகளுக்கு ஒன்று. பணம் கட்டிய பிறகு கேட்டால் முழு விலை சொல்வார்கள். விலை பேசும்போதே அந்தக் குட்டி வண்டியையும் சேர்த்துக் கேளுங்கள். கைக்குழந்தை உள்ள வீட்டில் எட்டாத உயரத்தில் வையுங்கள்.

என் மாமனார் ஒரு காலத்தில் லேலண்ட் லாரியில் பட்டாசு லோடு ஏற்றி வடநாடு வரை ஓட்டியவர். போன வாரம் பேத்தியின் பெட்டியைக் கிளறிப் பார்த்துவிட்டு, "லாரி எதுவும் இல்லையாத்தா?" என்றார். கடை கடையாக ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறோம். பழைய மாடல் லேலண்ட், இரும்பில் செய்தது, விருதுநகர், சாத்தூர் பக்கம் எங்காவது பார்த்தவர்கள் இந்தப் பகுதிக்கு எழுதுங்களேன்.

- ஒரு வாசகி, திருத்தங்கல்.