நீங்கள் போடும் இன்சுலினின் பெயர் என்ன?

கடற்கரைச் சாலையில் காலையில் நடக்கும் எங்கள் கூட்டத்தில் ஏழு பேர். அதில் மூன்று பேர் இன்சுலின் போடுகிறவர்கள். போன வாரம் அவர்களிடம், "என்ன இன்சுலின் போடறீங்க?" என்று கேட்டேன். ஒருவர், "காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு" என்றார். அடுத்தவர், "பிரிட்ஜ்ல இருக்கறது" என்றார். மூன்றாமவர், "அதெல்லாம் என் மருமகளுக்குத்தான் தெரியும்" என்றார். மூவருமே பென்ஷன் ஆர்டர் நம்பரை மனப்பாடமாகச் சொல்லக்கூடியவர்கள்!

அறுபதுகளில் என் அப்பா போட்டுக்கொண்டது 'லென்டே' இன்சுலின். கண்ணாடி ஊசியை வெந்நீரில் கொதிக்கவைத்து எடுக்க வேண்டும், அது என் வேலை. பிரெஞ்சுப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த நான் பாட்டிலைப் பார்த்துவிட்டு, "லாந்த்! அப்படின்னா மெதுவானதுன்னு அர்த்தம்ப்பா" என்றேன். "அதனாலதான் இன்னும் குணமாகல போலிருக்கு" என்று சிரித்தார். துத்தநாகம் சேர்த்து, உடலில் மெதுவாகக் கரையும்படி செய்த மருந்து அது. இப்போது கடைகளில் பார்க்க முடிவதில்லை. ஆனால் மெதுவானது, வேகமானது என்ற அந்தப் பிரிவுதான் இன்றைக்கும் எல்லாவற்றுக்கும் அடிப்படை.

லிஸ்ப்ரோ, அஸ்பார்ட் போன்றவை போட்ட கால் மணி நேரத்தில் வேலையைத் தொடங்கிவிடும். தட்டு முன்னால் வந்த பிறகு போட்டால் போதும். 'ரெகுலர்' என்ற பழைய இன்சுலினைச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்பே போட வேண்டும். நம்மில் பலர் போட்ட கையோடு இட்லியைப் பிட்டு வாயில் வைத்துவிட்டு, "இந்த மருந்து சரியில்லை" என்கிறோம். கலங்கலாக இருக்கும் என்.பி.எச். அரை நாளுக்கு மேல் தாங்கும். இது இரண்டையும் கலந்தது 30/70. அதைக் குலுக்கக் கூடாது, உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்ட வேண்டும். கிளார்ஜின் தெளிவாக இருக்கும், ஏறக்குறைய ஒரு நாள் முழுவதும் சீராக வேலை செய்யும். விலை கூடியதுதான் உசத்தி என்று ஒரு பேச்சு உண்டு. நான் அதை ஏற்கவில்லை. நேரம் தவறாமல் போட்டால் பழைய மருந்தும் நன்றாகவே கேட்கிறது.

இவ்வளவு பேசுகிற நான் என்ன செய்தேன் என்றும் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருடம் முன்பு என் மனைவிக்கு டாக்டர் 30/70-ஐ நிறுத்திவிட்டு இரவில் 12 யூனிட் கிளார்ஜின் எழுதினார். புது பாட்டில் வாங்கி வந்து, வீட்டில் இருந்த சிவப்பு மூடி ஊசியில் 12 வரை இழுத்துப் போட்டேன். விடியற்காலை மூன்று மணிக்கு, "என்னங்க..." என்று ஒரு குரல். உடம்பெல்லாம் வேர்வை, கை நடுக்கம், பேச்சில் தொடர்பில்லை. குளுக்கோமீட்டரில் 48. மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தேன். ஏறியது, மறுபடி இறங்கியது. நாள் முழுக்க வேலை செய்கிற மருந்தாயிற்றே! ஆஸ்பத்திரியில் ஒரு நாள் குளுக்கோஸ் ஏறிய பிறகுதான் வீடு திரும்பினோம்.

நடந்தது இதுதான். பழைய பாட்டில் ஒரு மில்லிக்கு 40 யூனிட். புதியது 100. சிவப்பு மூடி ஊசி 40-க்கானது, 100-க்கு ஆரஞ்சு மூடி ஊசி. நான் 12 என்று நினைத்துப் போட்டது 30 யூனிட். டாக்டர் சொல்லவில்லை, மருந்துக் கடைக்காரரும் கேட்கவில்லை. ஆனால் ஆபீசில் முப்பது வருடங்களுக்கு மேல் பைலில் கமா விட்டுப்போனதைக்கூடக் கண்டுபிடித்த நான், பாட்டிலில் இருந்த எண்ணைப் படிக்கவில்லை.

மருந்துச் சீட்டில் பெயரும் அளவும் மட்டும் போதாது. 40-ஆ 100-ஆ, எந்த நிற மூடி ஊசி, சாப்பாட்டுக்கு எவ்வளவு முன்பு என்பதைத் தமிழில் எழுதித் தர வேண்டும். கடைக்காரர் ஊசியையும் பாட்டிலையும் சேர்த்துப் பார்க்காமல் கொடுக்கக் கூடாது. அவர்கள் செய்யாவிட்டால் நாம் கேட்க வேண்டும். "கேட்டால் டாக்டர் கோபித்துக்கொள்வார்" என்கிறார்கள். கோபித்துக்கொள்ளட்டுமே!

இதையெல்லாம் அன்று நடந்துகொண்டே சொன்னேன். இரவு எட்டு மணிக்கு 'பிரிட்ஜ்ல இருக்கறது' நண்பரிடமிருந்து போன். பூதக்கண்ணாடி வைத்துப் படித்தாராம். "அண்ணே, பாட்டில்ல 40-ன்னு இருக்கு. ஊசி மூடி ஆரஞ்சு." என் மனைவிக்கு நடந்ததற்கு நேர் எதிர். 20 என்று அவர் போடுவது வெறும் 8 யூனிட். சர்க்கரை இறங்கவில்லை என்று டாக்டர் ஒவ்வொரு மாதமும் அளவை ஏற்றிக்கொண்டே போயிருக்கிறார். "நாளைக்கே சிவப்பு மூடி வாங்கிடறேன்" என்றார். "வாங்கி அதே 20 போட்டுடாதீங்க, ஒரேயடியா இறங்கிடும். முதல்ல பாட்டிலையும் ஊசியையும் எடுத்துக்கிட்டு டாக்டரைப் பாருங்க" என்றேன். காலையில் அவர் நடக்க வரவில்லை. டாக்டர் வீட்டு வாசலில் டோக்கன் வாங்க நிற்பதாக அவர் மருமகள் சொன்னாள்.