தண்ணீர் மாதிரி ஒரு மீன் சாறு



மகனோ மகளோ டோக்கியோவில் வேலை பார்க்கும் வீடுகளை இப்போது நம் தெருவிலேயே பார்க்கிறோம். அப்பா அம்மா அங்கே கிளம்பினால் பெட்டியில் பாதியைப் புளிக்காய்ச்சலும் பருப்புப்பொடியும் பிடித்துக்கொள்கின்றன. "அங்கே சைவமே கிடைக்காதாமே?"

கிடைக்கும். ஆனால் கேட்கத் தெரிய வேண்டும்.

கியோட்டோ போயிருந்தபோது மூன்று நாள் நிம்மதியாக மிசோ சூப் குடித்தேன். கிண்ணத்தில் டோஃபுவும் கடற்பாசியும்தான் மிதந்தன. "மீன் இருக்கிறதா?" என்று கேட்டேன். "இல்லை" என்றார்கள். நான்காம் நாள் விடுதியில் சமைக்கும் அம்மா, விறகுச் சிராய் போல ஒன்றை எடுத்துக் காட்டினார். கட்சுவோபுஷி. வரிச்சூரை மீனை வேகவைத்து, புகையில் காட்டி, கல் மாதிரி காயவைத்தது. நம் ஊர்க் கடற்கரைகளிலும் இலங்கையிலும் மாசிக் கருவாடு என்போமே, அதற்கு ரொம்ப நெருங்கிய சொந்தம். அதை மெல்லியதாகச் சீவி வெந்நீரில் போட்டு வடித்தால் தாஷி. சூப், நூடுல்ஸ், காய்கறிக் கூட்டு எல்லாவற்றுக்கும் அடிப்படை அந்தச் சாறுதான்.

அப்படியானால் என்னிடம் பொய் சொன்னார்களா? இல்லவே இல்லை. "உங்கள் ரசத்தில் கோதுமை இருக்கிறதா?" என்று ஒருவர் கேட்டால் நாம் என்ன சொல்வோம்? சிரித்துக்கொண்டே "இல்லை" என்போம். கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் மாவு கலந்திருப்பது யாருக்கு நினைவு வரும்? அவர்களுக்குத் தாஷியும் அப்படித்தான், தண்ணீர் மாதிரி.

அதனால் "மீன் உண்டா?" என்று கேட்காதீர்கள். "தாஷி எதில் செய்தது?" என்று கேளுங்கள். "நிகு மோ சகானா மோ தபெமாசென். கட்சுவோ தாஷி மோ தபெமாசென்." இறைச்சி, மீன் சாப்பிட மாட்டேன், மீன் தாஷியும் வேண்டாம் என்று அர்த்தம். பிள்ளைகளிடம் சொல்லி இதை ஜப்பானிய எழுத்தில் ஒரு அட்டையில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பால், முட்டை தொடாதவர்கள் அதையும் சேர்த்துவிடுங்கள். மெனுவில் உள்ள அலர்ஜி அட்டவணையை மட்டும் நம்ப வேண்டாம். முட்டை, பால், கோதுமை அதில் இருக்கும், கட்சுவோ இருக்காது.

சின்னக் கடைகளில் காலையிலேயே தாஷியை மொத்தமாக வடித்து வைத்துவிடுவார்கள். நாம் உட்கார்ந்த பிறகு சொன்னால் அவர்களால் எதை எடுக்க முடியும்? முதல் நாளே சொல்லிவைப்பது இருவருக்கும் நல்லது.

அவசரத்துக்கு வெள்ளரிக்காய் வைத்துச் சுருட்டிய கப்பா மாக்கி இருக்கிறது. டோக்கியோ ரயில் நிலையத்துக்குள்ளேயே டீஸ் தான்தான் என்ற கடையில் பால், முட்டைகூட இல்லாத ராமென் கிடைக்கிறது. டோஃபு உறைக்குள் சோற்றை வைத்த இனாரி சுஷியில்தான் கவனம் தேவை. பார்க்க முழுச் சைவம். ஆனால் அந்த டோஃபு உறையைப் பெரும்பாலும் தாஷியில்தான் வேகவைக்கிறார்கள்.

மீன் இல்லாவிட்டால் ருசி போய்விடுமோ என்ற சந்தேகமே வேண்டாம். 1908-ல் கிகுனே இகெடா என்ற விஞ்ஞானி 'உமாமி' சுவையின் மூலப்பொருளைப் பிரித்தெடுத்தது கொம்பு என்ற கடற்பாசியிலிருந்துதான். புத்த மடங்களின் ஷோஜின் ரியோரி சமையலில் அந்தக் கொம்பும் காய்ந்த ஷிடாகே காளானும்தான் தாஷி. வெங்காயம், பூண்டுகூடச் சேர்ப்பதில்லை! விரத நாளில் நம் வீட்டு அடுப்படி நினைவுக்கு வருகிறதல்லவா?

ஒரே ஒரு ராத்திரி கூடுதலாகக் கிடைத்தால் ஒசாகாவுக்குத் தெற்கே கோயாசான் மலைக்குப் போங்கள். அங்கே சுமார் ஐம்பது மடங்களில் யாத்ரீகர்கள் தங்கலாம். ராத்திரிச் சாப்பாடும் காலைச் சாப்பாடும் மடத்துச் சமையல்தான். எள்ளை அரைத்துக் கிழங்கு மாவோடு கிளறிச் செய்த கோமா டோஃபு சின்னக் கிண்ணத்தில் வரும். அட்டையைக் கையில் எடுக்காமலே சாப்பிடலாம்.

அன்புடன்,
ஆசிரியர்