செலொப்பியாத்தின் குமாரத்திகளும் நம் பாராளுமன்றமும்



எண்ணாகமம் 27ஆம் அதிகாரத்தில் ஐந்து சகோதரிகளைக் காண்கிறோம். தகப்பனாகிய செலொப்பியாத் ஆண்பிள்ளை இல்லாமல் மரித்தபடியால், அவர்களுக்குக் காணியாட்சி இல்லை என்பது அன்றைய வழக்கம். அவர்களோ வீட்டுக்குள் அழுதுகொண்டிருக்கவில்லை. மோசேக்கும், ஆசாரியனாகிய எலெயாசாருக்கும், பிரபுக்களுக்கும், சபையார் அனைவருக்கும் முன்பாக வந்து நின்று நியாயம் கேட்டார்கள். ஆட்சி செய்கிறவரும் ஆசாரியரும் ஒரே வாசலில், ஜனங்கள் பார்த்திருக்க, பதில் சொல்லவேண்டியிருந்தது. மோசே அந்த வழக்கைக் கர்த்தருடைய சந்நிதிக்குக் கொண்டுபோனார். பெண்கள் கேட்டது நியாயமே என்று தீர்ப்பு வந்தது.

நம் நாட்டில் அத்தகைய ஒரு வழக்கு இன்னும் வாசலிலேயே நிற்கிறது. 1950இல் வெளியான பட்டியல் சாதியினர் குறித்த குடியரசுத் தலைவர் ஆணையின் 3ஆம் பத்தி, இந்துக்கள் அல்லாதோரைப் பட்டியலுக்கு வெளியே வைத்தது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறிஸ்தவரும் முஸ்லிம்களும் சேர்க்கப்படவில்லை. நீதியரசர் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் அந்தப் பத்தியையே நீக்கச் சொல்லி 2007இல் அறிக்கை அளித்தது. 2009 டிசம்பரில் அது பாராளுமன்றத்தில் வைக்கப்பட்டது. அரசு என்ன செய்யப்போகிறது என்ற நடவடிக்கை அறிக்கை மட்டும் உடன் வரவில்லை. 2022இல் நீதியரசர் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் மறுபடியும் ஓர் ஆணையம். நல்லவேளை, மோசேக்கு ஆணையம் அமைக்கும் வழி தெரிந்திருக்கவில்லை!

இது டெல்லி விவகாரம் என்று நினைக்கவேண்டாம். 2009 தேர்தலில் திண்டிவனம் மக்களவைத் தொகுதி மறைந்து விழுப்புரம் தொகுதி வந்தது, அது தனித்தொகுதி. திண்டிவனம், வானூர் சட்டமன்றத் தொகுதிகளும் தனித்தொகுதிகளே. அங்கே நம் தலித் கிறிஸ்தவச் சகோதரர் வாக்களிக்கலாம். கிறிஸ்தவர் என்று அறிக்கையிட்டு நிற்க இயலாது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பும் அவருக்கு இல்லை. அவரை இழிவாகப் பேசுகிறவன் அவருடைய ஞானஸ்நானச் சான்றிதழைப் பார்த்துவிட்டா பேசுகிறான்?

ஆகவே அரசைக் கேள்வி கேட்போம். பாராளுமன்றம் அதற்காகவே இருக்கிறது. ஆனால் எலெயாசாரும் அந்த வாசலில் நின்றார் அல்லவா?

அப்பொழுது நம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த எறையூரை முதியோர் மறந்திருக்கமாட்டீர்கள். ஆலயத்துக்குள் இருக்கையிலும், சவ ஊர்வலம் செல்லும் வழியிலும், கல்லறையிலும் சாதிப் பிரிவினை இருந்ததால், தலித் கிறிஸ்தவர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு கேட்டார்கள். 2008 மார்ச்சில் கலவரம் மூண்டது. காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் இருவர் மாண்டனர். அது கத்தோலிக்கத் திருச்சபை, நம்முடையது அல்ல என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. செல்வனுக்கு நல்ல ஆசனமும் ஏழைக்குக் கால்மாட்டில் இடமும் கொடுப்பதை யாக்கோபு கடிந்துகொண்டது எல்லாச் சபைகளையும் நோக்கித்தான்.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு கிராமத்தில் நான் அடக்க ஆராதனை நடத்தினேன். பிரேதம் நேர்வழியில் போகாமல் ஏரிக்கரையைச் சுற்றிப் போயிற்று. ஏன் என்று எனக்குத் தெரியும். அங்கி அணிந்து முன்னே நடந்த நான் ஒன்றும் கேட்கவில்லை. அந்தத் தாயின் மகன் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இன்றும் நினைவிலிருக்கிறது.

மதம் மாறியபின் சாதி ஏது என்று அரசு தரப்பு கேட்கிறது. இருக்கிறது என்று ஆணையத்தின் முன் சொல்கிற நாம், ஞாயிறு பிரசங்கத்தில் சபையில் சாதியில்லை என்கிறோம். இரண்டில் ஒன்று பொய். நம் சபைகளின் இந்தப் பாவமும் பாராளுமன்றப் பதிவேட்டில் ஏறவேண்டும் என்றே விரும்புகிறேன். அதனால் சபைக்கு அவமானம் வரும் என்று அஞ்சுவோர் இருக்கிறீர்கள். அவமானம் ஏரிக்கரையிலேயே வந்தாயிற்று.

வரும் ஞாயிறு ஆராதனைக்குப் பின் இரண்டு கடிதங்கள் ஆலய வாசலில் வைக்கப்படும். ஒன்று நம் மக்களவை உறுப்பினருக்கு: மிஸ்ரா அறிக்கைக்கு அரசின் பதில் என்ன என்று அவையில் கேட்கும்படி. மற்றொன்று நம் குருசேகரக் குழுவுக்கு: நம் கிராமச் சபைகளில் யார் எந்த வழியாகக் கொண்டுபோகப்பட்டு, கல்லறைத் தோட்டத்தின் எந்தப் பக்கத்தில் அடக்கம்பண்ணப்படுகிறார்கள் என்று எழுதித் தரும்படி. இரண்டாவது கடிதத்தில் நான் கையெழுத்திட்டுவிட்டேன்.