போத்தலுக்குள் ஆண்மையா?

சென்ற மாதத்தில் ஒரு மாலைப்பொழுது, உயர்தர வகுப்பிற் பயிலும் எம் மாணவன் ஒருவன் வீடு தேடி வந்தான். பழைய பத்திரிகைத் தாளிற் சுற்றிய பொதியொன்று அவன் கையில் இருந்தது. உள்ளே வந்து தாளைப் பிரித்து, கறுப்பு நிறப் போத்தல் ஒன்றை மேசைமீது வைத்தான். "சேர், இதில் எழுதியிருப்பதெல்லாம் மெய்தானா?" என்று கேட்டான். புத்தகம் வாங்கத் தாயார் கொடுத்த பணத்தில் அதை வாங்கினான் என்பதைப் பின்னரே அறிந்தோம்.

டெஸ்டோஸ்டெரோன் என்னும் ஆண் ஓமோனைப் பெருக்கி, தசையும் வலிமையும் தருவதாக அப்போத்தல் வாக்களித்தது. இளைஞர் மட்டுமன்றி, நாற்பதைக் கடந்த குடும்பத் தலைவர்களும் இத்தகைய குளிகைகளை மறைவாக வாங்குகின்றனர். நாம் வைத்தியர் அல்லேம். இரசாயனம் கற்பிக்கும் ஆசிரியர். ஆயினும் எதற்கும் சான்று கேட்கும் பழக்கம் எமக்குண்டு. ஆகவே இருவருமாக அமர்ந்து, போத்தலில் ஒட்டியிருந்த சீட்டை வரிவரியாக வாசித்தோம்.

வாசிக்குமுன் அவனுக்கு ஒரு பழங்கதை சொன்னோம். 1889ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில், பிரௌன்-செக்கார் என்னும் பெயர்பெற்ற உடற்றொழிலியலறிஞர், தமது 72ஆம் வயதில், நாய், கினிப்பன்றி ஆகியவற்றின் விதைகளிலிருந்து எடுத்த சாற்றை ஊசிமூலம் தம் உடலில் ஏற்றிக்கொண்டார். இழந்த பலம் மீண்டதென அறிஞர் சபையில் அறிவித்தார். 2002இல் அவுஸ்திரேலிய ஆராய்ச்சியாளர் அவர் முறைப்படியே சாறு தயாரித்துச் சோதித்தனர். அதிலிருந்த ஓமோன், உடலில் எவ்விளைவையும் உண்டாக்க முடியாத அளவு சொற்பமாயிருந்தது. அவ்வறிஞர் பொய்யுரைத்தவரல்லர், அவருடைய நம்பிக்கையே அவருக்குப் பலமாகத் தோன்றிற்று. இதனாலன்றோ இன்றைய ஆராய்ச்சியாளர் ஒரு சாராருக்கு மருந்தும் மறுசாராருக்கு மருந்தற்ற போலிக் குளிகையும் கொடுத்து ஒப்பிடுகின்றனர்!

சீட்டில் முதலாவது பொருள் நெருஞ்சி. நம்மூர் வெளிகளிற் காலைக் குத்தும் அதே நெருஞ்சிதான். நீர்க்கடுப்புக்கு நம் முன்னோர் அதனைப் பயன்படுத்தினர். ஆனால் ஓமோனை அது பெருக்குமா? 2005இல் பல்கேரியாவில் இளைஞர் 21 பேரைக் கொண்டு நான்கு வாரம் நடத்திய சோதனையில், ஓமோன் அளவில் மாற்றம் எதுவும் காணப்படவில்லை. 2007இல் அவுஸ்திரேலிய றக்பி வீரர்கள் ஐந்து வாரம் உட்கொண்டபோதும், போலிக் குளிகை உண்டவரைவிட அவர்களுக்கு வலிமை மிகவில்லை.

இரண்டாவது, டீ-அஸ்பார்ட்டிக் அமிலம். 2009இல் இத்தாலியில் 23 ஆடவர் இதனைப் பன்னிரண்டு நாள் உட்கொள்ள, ஓமோன் ஏறத்தாழ 42 வீதம் உயர்ந்தது. விளம்பரக்காரர் இந்த இடத்தில் நிறுத்திவிடுவர். 2013இல் அமெரிக்காவில், பாரம் தூக்கிப் பயிலும் ஆடவர் 28 நாள் உண்டும் பயன் காணவில்லை. 2015இல் அவுஸ்திரேலியாவில், அத்தகைய பயிற்சியுடையோர் நாளொன்றுக்கு 6 கிராம் வீதம் உண்டபோது ஓமோன் குறைந்தே போயிற்று. எம் மாணவனும் பாரம் தூக்குபவனே. "அப்படியானால் எனக்கு நட்டமா, சேர்?" என்றான்.

மூன்றாவது நாகம் என்னும் கனிப்பொருள். இதில் உண்மை உண்டு. 1996இல் அமெரிக்காவில் வெளிவந்த ஆய்வொன்றில், நாகக் குறைபாடுடைய முதியோருக்கு ஆறு மாதம் அதனைக் கொடுத்தபோது, ஓமோன் ஏறக்குறைய இருமடங்காயிற்று. குறைபாடுடையோர் என்பதே இங்கு கவனிக்க வேண்டிய சொல். வற்றிய கிணற்றுக்கு மழை வேண்டும். நிரம்பிய கிணற்றில் வார்க்கும் நீர் வழிந்தோடும். வளர்ந்த ஆணுக்கு நாளொன்றுக்கு 11 மில்லிகிராம் போதும். 40 மில்லிகிராமுக்கு மேல் நெடுநாள் உண்டால், உடல் செம்பை ஏற்பது தடைப்பட்டு இரத்தச் சோகையும் நரம்புக் கோளாறும் உண்டாகலாம். நண்டு, இறைச்சி, பயறு, எள் ஆகிய உணவுகளிலேயே நாகம் உண்டு.

நான்காவது அமுக்கிராக் கிழங்கு. நடுநிலைமையாகக் கூறுவதாயின், சில சிறு ஆய்வுகள் இதற்குச் சார்பாக உள்ளன. 2019இல் வெளிவந்த ஓர் ஆய்வில், உடற்பருமனுடைய நடுவயதினருக்கு எட்டு வாரத்தில், போலிக் குளிகை உண்டவரைவிட ஓமோன் ஏறத்தாழ 15 வீதம் கூடியது. எனினும் களைப்பு நீங்குவதிலோ ஊக்கம் பெறுவதிலோ இரு சாராருக்குமிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. இதனை உண்டோர் சிலரின் ஈரல் பாதிக்கப்பட்டதாக வைத்தியர்கள் பதிவுசெய்துள்ளனர். டென்மார்க் 2023இல் இதனைத் தடைசெய்தது.

2020இல் கலிபோர்னியப் பல்கலைக்கழகமொன்றின் ஆய்வாளர், இவ்வகைச் சரக்குகள் ஐம்பதை எடுத்து, அவற்றிலுள்ள 109 பொருள்களை ஆராய்ந்தனர். ஓமோனை உயர்த்துவதற்கு ஏதேனும் சான்றுடையவை காற்பங்களவே. அறுபது வீதத்துக்கு மேற்பட்டவற்றுக்கு ஆய்வே இல்லை. பத்து வீதமானவை ஓமோனைக் குறைப்பதற்குச் சான்று இருந்தது!

சீட்டில் எழுதாத பொருள் இன்னும் கொடியது. 2007 முதல் 2016 வரை, மருந்து மறைத்துக் கலக்கப்பட்ட 776 சரக்குகளை அமெரிக்க அரசின் உணவு, மருந்து நிருவாகம் கண்டறிந்தது. ஏறக்குறையச் சரிபாதி, ஆண்களின் இல்லற வலிமைக்கென விற்கப்பட்டவை. அவற்றுட் பலவற்றில் இருந்த சில்டெனாபில் என்னும் மருந்து, நைத்திரேற்று வகை மருந்துண்ணும் இருதய நோயாளரின் இரத்த அழுத்தத்தைத் திடீரென வீழ்த்தி உயிருக்கே கேடு செய்யலாம். தசை வளர்ப்பதற்கென விற்கப்பட்டவற்றுட் பலவற்றிற் செயற்கை ஸ்டீரொய்டுகள் இருந்தன. இவை உடல் தானே ஓமோன் சுரப்பதை அடக்கி, மகப்பேற்றுக்குரிய விந்தணுவையும் குறைப்பன. ஆண்மையை வாங்கச் சென்றவன் அதனைக் கொடுத்துவிட்டு வருவதா?

"நீ இரவில் எத்தனை மணி நேரம் உறங்குகிறாய்?" என்று அவனைக் கேட்டோம். நள்ளிரவு வரை படிப்பு, நாலரை மணிக்குத் தனியார் வகுப்புக்கென எழுதல் என்றான். 2011இல் சிக்காகோவில், இளைஞர் பத்துப்பேரை ஒரு வாரம் ஐந்து மணி நேரமே உறங்கவிட்டுச் சோதித்தபோது, அவர்களின் ஓமோன் 10 முதல் 15 வீதம் வரை குறைந்தது. நல்ல உறக்கம் எந்தக் கடையிலும் விற்கப்படுவதில்லை.

குடும்பத் தலைவர்களுக்கும் ஒரு சொல். நீங்காத களைப்பும் தளர்ச்சியும் நீரிழிவு, உடற்பருமன், மனச்சோர்வு என்பவற்றின் அறிகுறியாக இருக்கலாம். இல்லறத் தளர்ச்சி இருதய நோயின் முன்னறிவிப்பாகவும் அமையலாம். காலை வேளையில், இரு வேறு நாட்களில் இரத்தத்தைச் சோதித்தே ஓமோன் குறைவை வைத்தியர் உறுதிசெய்வார். அவரிடம் கூற வெட்கி, போத்தலிடம் மருந்து கேட்பது நோய்க்கு அவகாசம் கொடுப்பதாகும்.

இத்தகைய போத்தலைக் காணுந்தோறும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். யாரிடம் சோதித்தார்கள்? எவ்வளவு கொடுத்தார்கள்? போலிக் குளிகையோடு ஒப்பிட்டார்களா? விடை கிடையாதெனின் பணத்தைப் பையிலேயே வையுங்கள்.

அடுத்த கிழமை அம்மாணவன் மீண்டும் வந்தான். "அம்மாவிடம் சொல்லிவிட்டேன், சேர். நல்லா ஏசினா. பிறகு, இனிப் பத்து மணிக்கு விளக்கை அணைத்துவிட வேண்டுமென்று சொன்னா" என்றான். அத்தாய் எழுதிக் கொடுத்த மருந்தினும் சிறந்ததொன்றை நாம் அறியோம்.