லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கும்?

சென்ற தை மாத இறுதியில் மயிலாடுதுறையில் ஒரு திருமணம். எங்கள் துறையிலிருந்து மூவர் பேருந்தில் போவதாக இருந்தோம். பழைய மாணவர் ஒருவர், தமிழ் இலக்கியம் பயின்று சென்னையில் கட்டட ஒப்பந்தத் தொழிலில் செல்வம் சேர்த்தவர், "ஐயா, நான் தஞ்சாவூர் வழியாகத்தான் வருகிறேன், என்னோடு வந்துவிடுங்கள்" என்று வற்புறுத்தினார். காலையில் கல்லூரி வாயிலில் அவருடைய வண்டி வந்து நின்றது. மெர்சிடஸ் பென்ஸின் ஏ.எம்.ஜி. ஜி 63. பெட்டிபோல் சதுரமானது, கறுப்பு நிறம், ஏறுவதற்கு ஒரு படி.

எங்களுள் மூத்தவர் அமர்ந்ததும் கேட்ட முதற்கேள்வி, "தம்பி, லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கும்?"

மாணவர் சிரித்தார். கேட்கக்கூடாத ஒன்றைப் பெரியவர் அறியாமல் கேட்டுவிட்டபோது நாம் சிரிப்போமே, அந்தச் சிரிப்பு. "அதையெல்லாம் பார்த்தால் இந்த வண்டியை வாங்க முடியாது ஐயா" என்றார்.

அந்த விடைதான் இதை எழுத வைத்தது. நம் ஊரில் மொபெட் வாங்குபவர் தயங்காமல் கேட்கும் கேள்வி இது. டிராக்டர் வாங்குபவரும், அறுவடை இயந்திரத்தை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுப்பவரும் வேறு சொற்களில் இதையேதான் கேட்கிறார்கள். விலை ஏறஏற அந்தக் கேள்வி மெலிந்து, ஓர் எல்லையைத் தாண்டியதும் நாகரிகக் குறைவாகவே ஆகிவிடுகிறது. அந்த எல்லை எங்கே இருக்கிறது, ஏன் இருக்கிறது என்பதே எங்கள் ஐயம்.

வண்டியின் கண்ணாடித் திரை ஐரோப்பிய முறையில் கணக்குக் காட்டியது. நூறு கிலோமீட்டருக்கு 19.8 லிட்டர். நாம் ஒரு லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்கிறோம், அவர்கள் நூறு கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்கிறார்கள். நம் கேள்வி வண்டி எவ்வளவு கொடுக்கும் என்பது, அவர்களுடையது எவ்வளவு குடிக்கும் என்பது. கணக்கு ஒன்றுதான், ஆனால் இத்தகைய வண்டிக்கு அவர்களுடைய வினைச்சொல்லே பொருத்தம். லிட்டருக்கு ஐந்து கிலோமீட்டர். தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம், ஆடுதுறை வழியாகப் போய்த் திரும்ப ஏறத்தாழ 140 கிலோமீட்டர், 28 லிட்டர்.

ஓட்டுபவரின் குற்றமன்று அது. எடை இரண்டரை டன். 4 லிட்டர் கொள்ளளவும் எட்டு உருளைகளும் உடைய இயந்திரம், 585 குதிரைத்திறன். காற்றைக் கிழிக்காமல் முட்டித் தள்ளும் முகப்பு. இவ்வளவு எடையை ஒருமுறை வேகத்துக்குக் கொண்டுவரச் செலவான ஆற்றல் அடுத்த ஊரின் வேகத்தடையில் சூடாகிக் கரைகிறது. கும்பகோணம் சாலையில் அடுத்த ஊர் இரண்டு கிலோமீட்டருக்குள் வந்துவிடும். இதன் மூதாதை 1979இல் ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் பிறந்தபோது சேற்றிலும் மலையிலும் இறங்கவே பிறந்தது. இன்றும் அதன் மூன்று டிஃபரன்ஷியல்களையும் பூட்டிக்கொண்டு வயற்சேற்றில் இறங்கி ஏறலாம். எங்கள் மாணவரோ திருமண மண்டபத்து வாசலில் மழைநீர் தேங்கிய பள்ளத்தைக் கண்டு வண்டியைத் தள்ளி நிறுத்தினார். சேற்றில் இறங்கும் வேலையை இங்கே டிராக்டர் பார்த்துக்கொள்கிறது.

தஞ்சைத் தரணியில் செலவை நெல்லால் அளப்பது பழைய வழக்கம். பெரிய கோயிற் கல்வெட்டில் இராசராசன் நானூறு தளிச்சேரிப் பெண்டுகளுக்கு வீடும் ஆண்டுக்கு ஆளுக்கு நூறு கலம் நெல்லும் ஒதுக்கியது பதிவாகியிருக்கிறது. நாங்களும் அந்த அளவைக்கே திரும்பினோம். 2025-26 பருவத்தில் தமிழக அரசின் கொள்முதல் விலை, சன்ன ரகம் குவிண்டாலுக்கு 2,545 ரூபாய், பொது ரகம் 2,500. கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ கொண்டது ஒரு சிப்பம். ஆக ஒரு சிப்பம் சன்ன நெல் 1,018 ரூபாய். அன்றைய பெட்ரோல் விலை லிட்டர் 101 ரூபாய்ச் சொச்சம். ஒரு சிப்பம் நெல்லுக்குப் பத்து லிட்டர் பெட்ரோல்! இவ்வளவு எளிதான வாய்பாட்டை நாங்கள் எதிர்பார்க்கவில்லை.

அந்த வண்டியின் தொட்டி நூறு லிட்டர் கொள்ளும், பத்துச் சிப்பம். ஏக்கருக்கு அறுபது சிப்பம் கண்டால் நல்ல வெள்ளாமை என்பார்கள். உழவு, நாற்று, நடவு, உரம், அறுவடைக் கூலி எதையும் கழிக்காமல், ஒரு ஏக்கர் சம்பா அந்த வண்டியை 3,000 கிலோமீட்டர் ஓட்டும். அதே பத்து லிட்டரில், ஒரு சிப்பம் நெல்லின் விலையில், டி.வி.எஸ். எக்ஸ்.எல். மொபெட் 600 கிலோமீட்டர் போகும். அதுவும் பின்னால் ஒரு சிப்பத்தைக் கட்டிக்கொண்டு.

இலக்கியம் படித்தவர்க்கு இங்கே பிசிராந்தையார் நினைவுக்கு வராமல் இருக்க முடியாது. புறநானூற்றின் 184ஆம் பாட்டில் பாண்டியன் அறிவுடை நம்பிக்கு அவர் சொன்ன யானைக் கணக்கு. சிறு நிலத்து நெல்லையும் அறுத்துக் கவளமாக ஊட்டினால் பல நாள் தாங்கும். யானையே வயலில் புகுந்தால் வாய்க்குள் போவதைவிடக் காலில் அழிவது மிகுதி. வரி வாங்கும் முறை பற்றிய பாட்டு அது. எரிபொருள் பற்றியதாகவும் அதை வாசிக்கலாம் என்று வகுப்பில் சொன்னால் மாணவர்கள் சிரிப்பார்கள். ஆனால் யானைக்கு இப்போது உண்மையிலேயே அரிசி ஊட்டப்படுகிறது.

இன்று பங்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் ஐந்தில் ஒரு பங்கு எத்தனால். கரும்பிலிருந்தும் மக்காச்சோளத்திலிருந்தும் வருவது போக, இந்திய உணவுக் கழகத்தின் கிடங்கு அரிசியிலிருந்தும் அது வடிக்கப்படுகிறது. 2024-25 எத்தனால் ஆண்டுக்கு 52 இலட்சம் டன் அரிசியை ஆலைகளுக்கு நடுவணரசு ஒதுக்கியது. விலை குவிண்டாலுக்கு 2,250 ரூபாய். மேலே சொன்ன கொள்முதல் விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். உமியும் தவிடும் நீக்கிய அரிசி, உமியோடு கூடிய நெல்லைவிட மலிவு. ஒரு டன் அரிசியிலிருந்து சுமார் 450 லிட்டர் எத்தனால் கிடைக்கும். நூறு லிட்டர் தொட்டியில் உள்ள 20 லிட்டரும் அரிசியால் ஆனதென்று கொண்டால், அது 44 கிலோ அரிசி. எத்தனாலின் ஆற்றல் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு என்பதால் மைலேஜும் குறைகிறது. அந்தக் குறைவை மொபெட்காரர் மாதக் கடைசியில் உணர்கிறார். ஜி 63 உடையவர் உணர்வதற்கு வழியில்லை.

ஏன் வழியில்லை? பணம் மிகுதி என்பது பாதி விடை. மறுபாதியைத் திரும்பும் வழியில் மாணவரே ஒளிவின்றிச் சொன்னார். வண்டி அவருடைய நிறுவனத்தின் பெயரில் இருக்கிறது. எரிபொருள், பழுது, காப்பீடு எல்லாம் தொழிற்செலவு. ஆண்டுக்கு நூற்றுக்குப் பதினைந்து தேய்மானம். வரிக்கணக்கில் அனைத்தையும் கழித்துக்கொள்ளலாம். சட்டப்படி சரியானதே. வேளாண் வருமானத்துக்கு வருமான வரியே இல்லையே என்று எங்கள் நண்பர் குறுக்கிட்டார். அதுவும் சரிதான். ஆயினும் கூட்டிக் கழித்து மிஞ்சுவது இதுதான்: குடிக்கும் பெட்ரோலில் ஒரு பகுதிக்கு அவர் விலை கொடுப்பதில்லை, பொதுப்பணம் கொடுக்கிறது. மைலேஜ் கேட்பதற்கு அவருக்கு என்ன தேவை?

தமிழகத்தில் ஆயுள் வரி படிநிலையானது. 20 இலட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு விலையில் நூற்றுக்கு 20. ஓர் இலட்சத்துக்கு உட்பட்ட இருசக்கர வண்டிக்கு 10. நல்ல ஏற்பாடு. ஆனால் அது ஒருமுறை கட்டுவதோடு சரி. நாள்தோறும் கட்டும் வரியாகிய பெட்ரோல் மதிப்புக் கூட்டு வரி நூற்றுக்கு 13, அதன்மேல் லிட்டருக்கு 11 ரூபாய் 52 காசு, இருவருக்கும் அதே. கார் நிறுவனங்களுக்கு 2017 முதல் இருக்கும் எரிபொருள் விதியோ வண்டிகளின் எடையை வைத்து வரம்பைத் தளர்த்துகிறது. கனத்த வண்டி செய்தால் கூடுதலாக எரிக்க அனுமதி. பெரிய யானைக்குப் பெரிய கவளம் என்று விதியே எழுதிவைத்திருக்கிறது.

ஆடுதுறையைத் தாண்டும்போது வடக்கே கதிராமங்கலம் இருக்கிறதென்று சொன்னோம். 2017 ஜூன் 30 அன்று அங்கே ஓ.என்.ஜி.சி. குழாய் கசிந்து வயலில் எண்ணெய் பரவியதும், எதிர்த்து நின்றவர்கள் மீது தடியடி நடந்ததும் மாணவருக்கு நினைவிருந்தது. 2020இல் டெல்டா பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கப்பட்டது. புதிய கிணறுகளுக்குத் தடை, பழையவை தொடர்கின்றன. "நம் எண்ணெய்தான் ஐயா இதில் ஓடுகிறது" என்றார். விளையாட்டாகச் சொன்னாரா என்று தெரியவில்லை. நாங்கள் பதில் சொல்லவில்லை.

தஞ்சாவூர் எல்லையில் ஒரு பங்கில் நிறுத்தினார். சென்னையிலிருந்து வந்ததையும் சேர்த்து 82 லிட்டர் பிடித்தது. எங்கள் மூத்தவர் திருமண அழைப்பிதழின் பின்புறத்தில் கணக்கெழுதி அவரிடம் நீட்டினார்: எட்டுச் சிப்பத்துக்குச் சற்று மேல். மாணவர் வாங்கிப் பார்த்து, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பத்து நாள் கழித்துத் தொலைபேசியில் அழைத்தார்.

"ஐயா, அந்தக் கணக்கில் டயர் தேய்மானத்தைச் சேர்க்கவில்லையே?"